அந்தலூசியாவின் பழைய ரயில் தடங்களில் சைக்கிள்: மோட்டார்ஹோமில் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெற்கு ஸ்பெயினில் ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட தடங்கள் பலவற்றைச் சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் ஏற்ற பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள். நானும் என் மனைவியும், உள்ளேயே தங்கி உறங்கும் வசதியுள்ள ஏழு மீட்டர் நீள மோட்டார்ஹோம் வண்டியின் பின்புறம் இரண்டு சைக்கிள்களை மாட்டிக்கொண்டு, ஏப்ரல் மாதத்தில் மூன்று வாரம் அந்தப் பக்கம் சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் ஒரே வகையான கேள்விகளைத் தொடர்ந்து கேட்டுவருவதால், அவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

‘வியா வெர்தே’ என்றால் என்ன? சாதாரண சைக்கிள் பாதையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஸ்பானிய மொழியில் இதற்குப் ‘பசுமை வழி’ என்று பொருள். தண்டவாளமும் கட்டைகளும் அகற்றப்பட்ட ரயில் தடத்தைச் சமன் செய்து, மோட்டார் வண்டிகள் நுழையாதபடி பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள். இத்திட்டம் 1993-இல் தொடங்கியது. ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை ஒருங்கிணைத்து நடத்துகிறது. இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் இவ்வகைப் பாதைகள் உள்ளன.

வேறுபாடு முழுவதும் ஏற்றத்தில்தான் இருக்கிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், ரயில் தடம் போட்டவர்கள் நூறு மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டருக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொண்டார்கள். மலை குறுக்கிட்டால் குடைந்தார்கள், பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் பாலம் கட்டினார்கள், மேடு குறுக்கிட்டால் வெட்டி வழி எடுத்தார்கள். அவர்கள் எஞ்சினுக்காகப் பட்ட பாடு இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது. அந்தலூசிய மலைகளின் நடுவே, மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இல்லை.

இத்தனை தடங்கள் ஏன் கைவிடப்பட்டன?

சுரங்கக் கனிமத்தையும் ஆலிவ் எண்ணெயையும் கொண்டுசெல்வதற்காகப் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போடப்பட்ட பல தடங்கள், சுரங்கங்கள் ஓய்ந்து லாரிகள் பெருகியபின் நட்டத்தில் ஓடின. 1985-இன் தொடக்கத்தில் ஸ்பானிய அரசு நட்டத்தில் இயங்கிய தடங்களை ஒரே வீச்சில் மூடியது. அப்போது 900 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் போக்குவரத்து அடியோடு நின்றது. வேறு சில தடங்களின் கதை இன்னும் விசித்திரமானது. அவற்றில் ஒரு ரயில்கூடப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனதில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

அந்தலூசியாவில் மட்டும் பல பாதைகள் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் முறை செல்பவர்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. ஒன்று, காதிஸ் மாகாணத்தின் ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் இடையேயுள்ள ‘மலைப் பசுமை வழி’. மற்றது, ஹாயேன் நகரத்திலிருந்து புவென்தே ஹெனில் வரை செல்லும் ‘எண்ணெய்ப் பசுமை வழி’. நாங்கள் போகும்போது ஆறு பாதைகளைப் பட்டியலிட்டு எடுத்துச் சென்றோம். மூன்றாவது பாதைக்காக ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டி, மாலையில் அலுப்புடன் ஒன்பது கிலோமீட்டர் மட்டும் சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் பட்டியலைக் கிழித்தோம். செவில்லா மாகாணத்தின் வடக்கே, பழைய இரும்புத் தாதுத் தடத்தின் மேல் அமைந்த ‘சியெர்ரா நோர்தே’ பாதை சுமார் 19 கிலோமீட்டர் நீளமும் நல்ல நிழலும் கொண்டது. நேரம் மிஞ்சினால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒல்வேரா–புவெர்த்தோ செர்ரானோ பாதையில் என்ன பார்க்கலாம்?

நீளம் 36 கிலோமீட்டர். அதில் 30 சுரங்கப்பாதைகளும் நான்கு பெரிய பள்ளத்தாக்குப் பாலங்களும் வருகின்றன. ஹெரேஸ் நகரத்தையும் அல்மார்ஹென் என்ற ஊரையும் இணைப்பதற்காக 1920-களில் இந்தத் தடத்தின் வேலை தொடங்கியது. மலையைக் குடைந்தார்கள், பாலங்களை எழுப்பினார்கள், நிலையக் கட்டடங்களைக்கூடக் கட்டினார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, பணம் வற்றியது, வேலை நின்றுபோனது. பயணச்சீட்டு வாங்கி யாரும் ஏறாத நிலையங்களில் இன்று சிலவற்றில் உணவகமும் தங்கும் அறைகளும் நடக்கின்றன.

நடுவழியில் வரும் ஸாஃப்ராமகோன் பாறைக்காகவே இந்தப் பாதையில் போகலாம். ஆற்றால் இரண்டாகப் பிளந்தது போல் நிற்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறையில் கிரிஃபன் வகைப் பாறு கழுகுகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அருகிலுள்ள பழைய நிலையக் கட்டடத்தைப் பாறுகளைப் பற்றிய விளக்க மையமாக மாற்றியிருக்கிறார்கள். பாறையை நோக்கி வைத்த கேமராவின் வழியே கூடுகளைப் பார்க்கலாம். ஆனால், கேமராவைவிட வெளியே நிற்பதே எனக்குப் பிடித்தது. காலை பத்து மணிவரை ஒரு பறவையும் அசையவில்லை. வெயில் பாறையில் ஏறி, காற்று சூடாகி மேலெழத் தொடங்கியதும், ஒன்று விளிம்பிலிருந்து சரிந்து இறக்கையை விரித்தது. கால் மணி நேரத்துக்குள் முப்பதுக்கும் மேல் எண்ணினோம். இரண்டரை மீட்டர் அகல இறக்கை ஒரு முறைகூட அடித்துக்கொள்ளாமல் தலைக்கு மேல் வட்டமிட்டது. அதன் நிழல் எங்கள் சைக்கிள்களின் மேல் ஊர்ந்து போனபோது, என் மனைவி அறியாமலேயே தலையைக் குனிந்துகொண்டார். எனவே, அதிகாலையில் அவசரமாகக் கிளம்பிப் பாறையைக் கடந்துவிடாதீர்கள். பத்து மணிக்குப் பிறகு அங்கே இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

சுரங்கப்பாதைகள் ஆபத்தானவையா?

ஆபத்தானவை அல்ல, ஆனால் ஆயத்தம் வேண்டும். குட்டையான சுரங்கங்களில் விளக்கு இருக்காது. நீளமானவற்றில், ஆள் வருவதை உணர்ந்து தானாக எரியும் விளக்குகள் இருக்கின்றன. மிக நீளமானது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழையும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும்; எதிரே வருபவருக்கும் அதே நிலைதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாங்கள் ஒரு வளைவான சுரங்கத்தின் நடுவே புகைப்படம் எடுக்க நின்றபோது விளக்குகள் அணைந்துவிட்டன. முன் வாயும் தெரியவில்லை, பின் வாயும் தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசை மட்டும் கேட்டது. ஹேண்டில்பாரில் பொருத்திய சொந்த விளக்கு இல்லாதிருந்தால் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்திருப்போம். ஆகவே முன்னும் பின்னும் விளக்கு, ஒரு மெல்லிய மேலாடை, நுழையும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும் பழக்கம் ஆகிய மூன்றும் போதும்.

‘எண்ணெய்ப் பசுமை வழி’க்கு ஏன் அந்தப் பெயர்?

லினாரெஸ் நகரத்தையும் புவென்தே ஹெனிலையும் இணைத்து, 1893-இல் முழுமையடைந்த தடத்தில் ஆலிவ் எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகத் துறைமுகத்தை நோக்கிச் சென்றதால், மக்கள் அதை ‘எண்ணெய் ரயில்’ என்றே அழைத்தார்கள். லினாரெஸின் ஈயச் சுரங்கச் சரக்கும் இதில்தான் போனது. 1985-இல் தடம் மூடப்பட்டது. இன்றைய சைக்கிள் பாதை ஹாயேன், கோர்தோபா ஆகிய இரு மாகாணங்களில் 128 கிலோமீட்டர் நீள்கிறது. அதில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 13 இரும்புப் பாலங்கள் இருக்கின்றன. ‘பாரிஸ் கோபுரத்தை எழுப்பிய ஈஃபிள் கட்டியவை’ என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அவை ஈஃபிளின் பாணியில் அமைந்தவை என்று சொல்வதே பொருத்தம்.

இரு மாகாணங்களின் எல்லையில், வாதோமோஹோன் நீர்த்தேக்கத்தின் குறுக்கே நிற்கும் குவாதாஹோஸ் பாலம் 207 மீட்டர் நீளம். சுற்றிலும் மலைச்சரிவுகளில் சீப்பால் வாரியதுபோல் வரிசை வரிசையாக ஆலிவ் மரங்கள். ஹாயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாலத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது அந்த எண்ணிக்கை மிகையாகத் தோன்றவில்லை. ஒரே காட்சி மணிக்கணக்கில் தொடர்வது சிலருக்குச் சலிப்பூட்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாயேன் பகுதி அப்படிப்பட்டதுதான். கோர்தோபா பக்கம் லூக்கே, சுவேரோஸ், தோன்யா மென்சியா, காப்ரா என்று மலையடிவார ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் அங்கே சலிப்புக்கு இடமில்லை. இரண்டு நாள் மட்டும் இருந்தால் கோர்தோபா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்ராவின் பழைய நிலையத்தில் எண்ணெய் ரயிலைப் பற்றிய விளக்க மையம் இருக்கிறது. சுவேரோஸ் கோட்டையும் ஊரும் பாதைக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஏறும் சாலையை மட்டும் ரயில் பொறியாளர்கள் போடவில்லை என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

ஒரு முனையில் மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டு மறுமுனைக்குப் போனால், திரும்பி வருவது எப்படி?

எல்லோரும் கடைசியில் யோசிக்கிற, ஆனால் முதலில் யோசிக்க வேண்டிய கேள்வி இது. ரயில் போய்விட்டது, இணையாகச் செல்லும் பேருந்தில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்ற உறுதியும் இல்லை. சைக்கிள் ஏற்றும் டாக்ஸியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம், செலவு ஆகும். இருவரில் ஒருவர் மோட்டார்ஹோமை ஓட்டிச் சென்று மறுமுனையில் காத்திருக்கலாம், ஆனால் அவர் பாதையைப் பார்க்க முடியாது.

நாங்கள் கடைப்பிடித்தது எளிய முறை: போன வழியே திரும்புவது. ஒரே பாதை எதிர்த் திசையிலும் வேறு வெளிச்சத்திலும் புதிய பாதையாகவே தெரிகிறது. கவனிக்க வேண்டியது சரிவு. ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோவை நோக்கிப் பாதை மொத்தத்தில் இறங்குகிறது. காலையில் உல்லாசமாக இறங்கிவிட்டால், மாலையில் களைத்த காலோடு ஏற வேண்டிவரும். முழுத் தூரமும் போய்த் திரும்ப 72 கிலோமீட்டர். ஒல்வேராவிலிருந்து கோரிப்பே நிலையம்வரை போய், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் சுமார் 42 கிலோமீட்டர். பாறையும் அழகான பாலங்களும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். உடல் வலுவுள்ளவர்கள் புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து தொடங்கினால், ஏற்றம் காலையிலும் இறக்கம் மாலையிலும் அமையும்.

மோட்டார்ஹோமை எங்கே நிறுத்தி உறங்கலாம்?

ஒல்வேரா நிலையத்தை ஒட்டியும், தோன்யா மென்சியாவில் பாதையின் அருகிலும் மோட்டார்ஹோம்கள் இரவு தங்குவதற்கான இடங்கள் உள்ளன. தோன்யா மென்சியாவை மூன்று நாள் தளமாக வைத்துக்கொண்டு, ஒரு நாள் லூக்கே பக்கமும் மறுநாள் காப்ரா பக்கமும் போய்வந்தது எங்கள் பயணத்தில் மிக நிம்மதியான பகுதி. வண்டியை நகர்த்தாத நாள்தான் உண்மையான விடுமுறை நாள்.

மற்ற இடங்களைப் பொறுத்தவரை, ஸ்பெயினின் போக்குவரத்து விதி ஒரு தெளிவான கோட்டை வரைகிறது. மோட்டார்ஹோம் முறையாக நிறுத்தப்பட்டிருந்தால், உள்ளே ஆள் உறங்குவதால் மட்டும் அது முகாம் ஆகிவிடாது. வெயில் மறைப்பை விரித்தாலோ, நாற்காலி மேசையை வெளியே போட்டாலோ, பாத்திரம் கழுவிய நீரைத் தரையில் விட்டாலோ அது முகாம். அதற்கு அபராதம் உண்டு. இதற்கு மேல் ஒவ்வோர் ஊராட்சியும் தனக்கென்று விதிகளை வைத்திருக்கலாம் என்பதால், நுழைவில் உள்ள பலகையைப் படிக்காமல் இருக்கக் கூடாது. கடற்கரைகளிலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் கண்டிப்பு அதிகம்.

பாதையின் தொடக்கத்தில் ஆளரவமற்ற இடத்தில் நாள் முழுவதும் வண்டியை விட்டுச் செல்வதை நான் தவிர்ப்பேன். தவிர்க்க முடியாவிட்டால், கண்ணாடி வழியாகத் தெரியும்படி எதையும் வைக்காதீர்கள். கடவுச்சீட்டு உங்களுடனேயே இருக்கட்டும்.

வெள்ளை ஊர்களுக்குள் மோட்டார்ஹோமை ஓட்டிச் செல்லலாமா?

வேண்டாம். வெள்ளையடித்த வீடுகளால் அப்பெயர் பெற்ற அந்த மலையூர்களில் உள்ளவை, கழுதையும் மனிதரும் நடப்பதற்காக உண்டான தெருக்கள். ‘இன்னும் 300 மீட்டர்’ என்று கைப்பேசி சொன்னதை நம்பி ஓர் ஊருக்குள் நுழைந்தோம். தெரு மெல்ல மெல்லக் குறுகி, இரு பக்கமும் பூந்தொட்டிகள் கண்ணாடியை உரசும் அளவுக்கு வந்துவிட்டன. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கினார். இரண்டு தொட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு பின்பக்கம் போய் நின்று, உள்ளங்கையை அசைத்து அசைத்து எண்பது மீட்டர் தூரம் எங்களைப் பின்னோக்கி வெளியே எடுத்துவிட்டார். முடிந்ததும் தொட்டிகளை மறுபடி வெளியே வைத்துவிட்டு அதே நாற்காலியில் அமர்ந்தார். அவருக்கு இது முதல் முறை அல்ல என்று தெரிந்தது. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சைக்கிளில் உள்ளே போங்கள். கையோடு சைக்கிள் கொண்டுவந்ததன் பயன்களில் இதுவும் ஒன்று.

ஓட்டுநர் உரிமம், விசா முதலியவை?

3,500 கிலோ எடைக்கு உட்பட்ட மோட்டார்ஹோமைச் சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டலாம். வாடகை வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வருபவை. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா, தேவை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

எந்த மாதம் ஏற்றது?

மார்ச் நடுவிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் கோர்தோபாவிலும் ஹாயேனிலும் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே செல்லும் பாதையில் நிழல் குறைவு. சென்னை வெயில் பழகியவர்தானே நாம் என்று துணிய வேண்டாம், இங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடல் வறள்வது தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்கள் நிரம்பி வழியும். ஊர்வலங்களுக்காகச் சாலைகளை அடைப்பார்கள்.

எந்தச் சைக்கிள்? டயர் பஞ்சர் ஆகுமா?

பெரும்பகுதி இறுக்கிய மண் பாதை. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும். மெல்லிய பந்தய டயர் வேண்டாம். மழை பெய்த மறுநாள் ஆலிவ் நிலத்துக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்து வண்டியையே நிறுத்திவிடும். ஒரு நாள் காயவிட்டுப் போவது நல்லது.

பஞ்சர் ஆகும். எங்கள் முதல் பஞ்சருக்குக் காரணமான முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. மூலைக்கொரு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்த அது நம் ஊர் நெருஞ்சியேதான்; ஸ்பெயினில் ‘அப்ரோஹோ’ என்கிறார்கள். செடியும் ஒன்றே, முள்ளும் ஒன்றே. பாதை ஓரத்துப் புல்லில் சைக்கிளைச் சாய்க்காமல் இருந்தால் பாதித் தொல்லை குறையும். ஆளுக்கு இரண்டு ட்யூப், நெம்புகோல், பம்ப் ஆகியவை கையில் இருக்க வேண்டும்; ட்யூபுக்குள் ஊற்றும் அடைப்பு திரவமும் உதவும்.

மின் சைக்கிள் என்றால், மிதிக்கும்போது மட்டும் உதவும் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்புள்ள வகையே சைக்கிளாகக் கருதப்படும். ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் தலைக்கவசம் கட்டாயம். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் எங்கும் அணிய வேண்டும்.

சைக்கிள்களை வண்டியின் பின்னால் மாட்டுவதற்கு விதி உண்டா?

உண்டு, பலர் இதில்தான் அபராதம் கட்டுகிறார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கியில் 50 சென்டிமீட்டர் சதுரத்தில், சிவப்பும் வெள்ளையும் சாய்வுக் கோடுகளாக உள்ள ‘வி-20’ பலகையைக் கட்ட வேண்டும். வண்டியின் விளக்குகளையும் எண் பலகையையும் சைக்கிள் மறைக்கக் கூடாது. சைக்கிள்கள் இல்லாமல் வெறும் தாங்கி நீட்டிக்கொண்டிருந்தாலும் பலகையைக் கட்டிவைப்பதே பாதுகாப்பு.

வழியில் சாப்பாடும் தண்ணீரும் கிடைக்குமா? சைவர்கள் என்ன செய்வது?

தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். குழாயில் ‘நோ பொத்தாப்லே’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல. உணவு பழைய நிலையங்களில் கிடைக்கும், ஆனால் மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். ஊர்க் கடைகள் பிற்பகல் முழுவதும் மூடிக்கிடக்கும்.

காலை உணவுக்குச் சுட்ட ரொட்டியின் மேல் அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள்; சைவர்களுக்கு அதுவே பெரிய துணை. கோர்தோபாவின் ‘சால்மொரேஹோ’ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழ் வெயிலுக்கு அமிர்தம். ஆனால் அதன் மேல் பன்றி இறைச்சித் துணுக்கையும் முட்டையையும் கேட்காமலே தூவுவார்கள். ‘சின் ஹாமோன், சின் உவேவோ’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு நிலைய உணவகத்தில் அப்படிச் சொன்னபோது, இறைச்சியை விட்டுவிட்டுச் சூரை மீனைத் தாராளமாகத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள்.